பஸ்ஸில் பக்கத்து ஆளைக் கவனிக்கிற பழக்கம் எங்கே போனது?

கேள்வி: பழைய கண்டக்டர், மதுரை

எல்லோருக்கும் வணக்கம். பாண்டியன் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்த காலத்தில் கண்டக்டராகச் சேர்ந்தவன் நான். ஓய்வு பெற்று விட்டேன். இப்போது டிக்கெட் வாங்குகிற ஆளாகத்தான் பஸ் ஏறுகிறேன். மகள் வீடு திருமங்கலத்தில் இருக்கிறது, பெரியார் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் பிடித்தால் நேரே போய் இறங்கலாம்.

மரியாதை குறைந்துவிட்டது என்று பொதுவாகப் புலம்ப வரவில்லை. நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

கூட்ட நேரத்தில் பின்படியில் ஏறினவர் முன்னால் நிற்பவரிடம் பணத்தைக் கொடுத்து "பழங்காநத்தம் ஒண்ணு" என்பார். அது நாலைந்து கை மாறி என்னிடம் வரும். டிக்கெட்டுக்குள் மீதிச் சில்லறையை வைத்து மடித்து, வந்த வழியிலேயே அனுப்பி வைப்பேன். நடுவில் இருக்கிற யாருக்கும் யாரையும் தெரியாது. ஆனாலும் எட்டணா குறைகிறது என்று ஒருவர் சண்டைக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. நிற்கிறவரின் பைக்கு உட்கார்ந்திருக்கிறவரின் மடி சொந்தம். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ஜன்னலோரப் பாட்டி மடியில் நாலு புத்தகப் பை, அதற்கு மேல் ஒரு டிபன் கேரியர் இருக்கும். பாட்டி முகமே தெரியாது. டிக்கெட் கொடுக்கப் போனால் பைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை மட்டும் நீளும்.

போன வாரம் திருப்பரங்குன்றத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு ஏறினார். தோளில் ஒரு பை, கையில் ஒரு கட்டைப் பை. முதியோர் என்று எழுதிய இருக்கையில் இருந்த பையன் போனில் வீடியோ தள்ளிக்கொண்டே இருந்தான், சத்தம் பஸ் முழுக்க. ஒரு பாட்டு பாதியில் நிற்கும், அடுத்து ஒருவன் சிரிப்பான், அடுத்து ஒரு விளம்பரம். "தம்பி, சத்தத்தைக் குறைச்சுட்டு அந்தம்மாவுக்குக் கொஞ்சம் இடம் குடுங்க" என்றேன். "உனக்கு என்ன பெருசு பிரச்சனை?" என்றான். அவன் அப்படிக் கேட்டதுகூடப் பரவாயில்லை. சுற்றி இருபது பேர் இருந்தார்கள், ஒருவர் கூட வாயைத் திறக்கவில்லை. கடைசியில் குழந்தையை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அதுவும் வீல் என்று அழுதது, அது வேறு விஷயம்.

கேள்வி இதுதான்: இந்த மாதிரி இடத்தில் நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்? சண்டை வராமல் சொல்ல வழி இருக்கிறதா?


பதில்: ஜவுளிக்கடைக்காரி, நெல்லை

ஐயா, நீங்கள் நல்ல கண்டக்டராக இருந்திருப்பீர்கள் என்று எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் நான் பார்த்த பஸ் வேறு.

ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறேன். கடை ஆட்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. இருக்கை வந்தது, உட்காரத்தான் நேரம் வரவில்லை. ராத்திரி கடை மூடி ஸ்டாப்புக்கு வந்தால், நிற்கிறது எல்லாம் பெண்கள் என்று தெரிந்ததும் பஸ் தள்ளிப் போய் நிற்கும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். சில நாள் அதுவும் நிற்காது. 2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதிலிருந்து கண்டக்டர் பேச்சும் மாறிவிட்டது. பக்கத்தில் இருக்கிற ஆணிடம் "எங்கண்ணே போகணும்?" என்கிற அதே வாய், என்னிடம் "நீ எங்க?" என்கிறது. எங்கள் டிக்கெட்டுக்கு அரசாங்கம் போக்குவரத்துக் கழகத்துக்குப் பணம் கொடுக்கிறது. யார் வீட்டுக் காசிலும் நாங்கள் போகவில்லை. 2022இல் ஒரு அமைச்சரே மேடையில் "ஓசி" என்று சொன்ன பிறகு கண்டக்டரை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது?

அப்புறம் அந்த மடியில் பை விஷயம். வயதான அம்மாக்களிடம் நானும் கொடுப்பேன். ஆண்களிடம் கொடுக்க மாட்டேன். பையை வாங்குகிற சாக்கில் எங்கே கை படும் என்று எனக்குப் பதினைந்து வயதிலேயே தெரியும். முறைத்துப் பார்ப்பது, விசிலடிப்பது, கண்ணடிப்பது, ஏற்றி விடுகிறேன் என்று கண்டக்டர் தொடுவது, எல்லாவற்றையும் பெயர் சொல்லி 2022இல் மோட்டார் வாகன விதியில் சேர்த்தார்கள். அதையெல்லாம் செய்தவர்கள் எல்லோரும் இந்தக் காலத்துப் பையன்கள் இல்லை ஐயா. பாதிப் பேர் உங்கள் வயசுக்காரர்கள்.


பதில்: விருதுநகர் பையன்

தாத்தா, ஸ்பீக்கரில் வைத்துக் கேட்பது தப்புதான், அதில் பேச்சே இல்லை. என் நண்பர்களே செய்கிறார்கள். ஆனால் பாதிப் பேர் திமிரில் செய்வதில்லை. ஹாஸ்டலில் ஒரு ரூமில் ஆறு போன் ஒரே நேரத்தில் ஓடும், அங்கே யாரும் குறை என்று சொல்வதில்லை. பஸ்ஸிலும் அதே பழக்கம். அவர்கள் சத்தம் அவர்கள் காதுக்கே உறைக்காது.

"சத்தத்தைக் குறை" என்றால் எங்கள் வயசில் கட்டாயம் ரோஷம் வரும். அதற்குப் பதிலாக "தம்பி, ஸ்டாப் பேர் சொல்றது காதுல விழல, என்ன ஸ்டாப்பு இது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லவே சத்தத்தைக் குறைக்க வேண்டும். முக்கால்வாசி ஆள் திரும்பக் கூட்டுவதில்லை.

ஒன்று மட்டும் கேட்கணும். 1997இல் எங்கள் ஊரில் புதுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். ஒரு தாழ்த்தப்பட்ட சாதி வீரனின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சொன்னவர்கள் யார்? நான் அப்போது பிறக்கவே இல்லை. கலவரம் ஆகி, கடைசியில் எல்லாக் கழகத்திலும் எல்லா மாவட்டத்திலும் இருந்த தலைவர்கள் பெயரை அரசாங்கமே எடுத்தது. உங்கள் பாண்டியனும் அதில்தான் போனார். எங்கள் அப்பா இன்றைக்கும் சொல்வார்: பஸ்ஸில் சீட் காலியாக இருந்தாலும், சில ஊர் தாண்டுகிற வரைக்கும் நின்றுகொண்டே வந்திருக்கிறேன் என்று. நல்ல பழக்கம் இருந்தது என்கிறீர்கள். எங்கள் அப்பாவுக்கு அது கிடைக்கவில்லை.


பதில்: டியூட்டியில் இருக்கிற கண்டக்டர்

அண்ணே, உங்க காலத்தில் சத்தம் போட்டுக் கண்டித்திருப்பீர்கள். இப்போது நான் ஒரு வார்த்தை சொன்னால் எதிரே போன் தூக்கி வீடியோ எடுக்கிறார்கள். நான் பேசின முதல் பாதி அதில் இருக்காது. மெமோ எனக்கு.

நெல்லை அக்காவுக்கு: கட்டணமில்லா டிக்கெட்டும் கணக்கில் வரணும். கிழிக்காமல் விட்டால் செக்கிங்கில் மாட்டுவது நாங்கள்தான். அந்தக் கடுப்பை உங்கள் மேல் காட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். நிறுத்தாமல் போனால் பஸ் நம்பரையும் நேரத்தையும் குறித்துப் புகார் கொடுங்கள். எழுதிக் கொடுத்தால்தான் அசைவார்கள்.


கேள்வி கேட்டவர்: பழைய கண்டக்டர், மதுரை

எல்லோருக்கும் நன்றி.

தங்கச்சி, "ஓசி" என்கிற சொல் காதில் விழும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலையில் யாருக்கும் தானம் செய்யவில்லை. ஆனால் பையை வாங்குகிற எல்லா ஆணையும் ஒரே கணக்கில் சேர்ப்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நீங்களும் விட மாட்டீர்கள், சரி.

விருதுநகர் தம்பி, 1997இல் நான் டியூட்டியில் இருந்தேன். கண்ணாடி உடைந்த பஸ்ஸை டெப்போவுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறோம். பிறகு பக்கவாட்டில் இருந்த பெயர்களைப் பெயிண்ட் அடித்து மறைத்ததையும் பார்த்தேன். அந்தப் பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று நின்ற ஆளே, வேறு பஸ்ஸில் முன்பின் தெரியாதவர் சில்லறையைப் பத்திரமாகக் கை மாற்றி விட்டவராகவும் இருப்பார். இரண்டையும் ஒரே ஆள் எப்படிச் செய்தார் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. உங்கள் அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

உங்கள் யோசனையைச் செய்து பார்த்தேன். ஒரு பையன் போனை அணைத்துவிட்டு "திருநகர் தாத்தா" என்றான், பிறகு போடவே இல்லை. இன்னொருவன் "போர்டைப் பாருங்க" என்று எழுந்து கடைசி சீட்டுக்குப் போய் அங்கே சத்தமாக வைத்துக் கேட்டான். அவன் விட்ட இடத்தில் ஒரு பூக்காரம்மா கூடையோடு உட்கார்ந்தார். அந்த வகையில் லாபம்தான்.