மோல்மீன் பழைய போட்டோ யார்கிட்டயாவது இருக்கா?

அண்ணன்மாரே அக்காமாரே வணக்கம், பர்மாவுல இருக்கிற மோல்மீன்ல நாங்க கொஞ்ச பேர் சேர்ந்து நம்ம தமிழ் ஆளுங்களோட பழைய போட்டோ, கல்யாணப் பத்திரிகை, கடை கணக்கு நோட்டு எல்லாம் சேத்து வைக்கிறோம். 1827ல இருந்து 1852 வரைக்கும் பிரிட்டிஷ் பர்மாவுக்கே தலைநகரமா இருந்த ஊரு, ஆனா நம்மளப் பத்தி கையில இருக்கிறது ரொம்ப கம்மி. 1964ல கடையெல்லாம் அரசாங்கம் எடுத்து, 50, 100 கியாட் நோட்டும் செல்லாதுன்னு ஆனப்புறம் கப்பல் ஏறினவங்க பெட்டியோடயே பாதி போயிருச்சு. தமிழ்நாட்டுல அவங்க பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க யாராச்சும் இருந்தா ஸ்கேன் பண்ணி அனுப்புங்க, பின்பக்கத்தையும் சேத்து, ஸ்டுடியோ சீலும் தேதியும் அங்கதான் இருக்கும். இன்னொண்ணு, இங்க மழை ஈரத்துல ஒரு ஆல்பம் ஃபுல்லா ஒட்டிக்கிச்சு, இழுத்தா முகமே உரிஞ்சு வருது, கிழியாம பிரிக்கத் தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.