ஆர்வம் இருந்தால் ஆங்கிலம் வந்துவிடுமா?

சாக்பீஸ்:
கல்லூரியில் முதலாமாண்டு ஆங்கிலம் எடுக்கிறேன். தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் வாயே திறப்பதில்லை. ஆங்கிலம் இல்லாமல் கேம்பஸ் இன்டர்வியூவில் தேற முடியாது என்பது அவர்களுக்கே தெரியும். யூடியூபில் பாடம் கொட்டிக் கிடக்கிறது. அப்படியும் பேசவில்லை என்றால் ஆர்வம் இல்லை என்றுதானே அர்த்தம்?

அல்லி:
இல்லை சார். கனடாவில் குடியேறிய ஐந்து பெண்களை நாட்குறிப்பு எழுதவைத்து, 1990களின் தொடக்கத்தில் மொழிக்கல்வி ஆய்வாளர் பானி நார்ட்டன் ஆராய்ந்தது இதைத்தான். அவர்களில் ஏவா போலந்துக்காரர், உணவகத்தில் வேலை. ஆங்கிலம் கற்க அவருக்குக் கொள்ளை ஆசை. ஆனால் துடைப்பதும் கழுவுவதும் அவர் தலையில்தான் விழும், பேச்சுக் கொடுக்கவும் ஆள் இல்லை. ஊழியர்கள் சேர்ந்து வெளியே போன சமயங்களில் பழகிய பிறகுதான் அவரை மனுஷியாக மதித்தார்கள், அவரும் பேச ஆரம்பித்தார். ஆசை முன்பும் இருந்ததுதானே?

சாக்பீஸ்:
ஐந்து பேரை வைத்து எல்லோருக்கும் விதி எழுதலாமா? உளவியலாளர்கள் கார்ட்னரும் லாம்பர்ட்டும் கனடாவின் மாண்ட்ரியாலில் பிரெஞ்சு படித்த பள்ளி மாணவர்களைச் சோதித்து, மொழி கற்கும் இயல்பான திறனும் ஊக்கமும் தேர்ச்சியோடு சேர்ந்தே வருகின்றன என்று 1959லேயே காட்டிவிட்டார்கள். என் வகுப்பில் யாரும் தரை துடைக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே பெஞ்சு, ஒரே பாடம்.

கம்மாக்கரை:
பெஞ்சு ஒன்றுதான் சார், உட்காருகிறவர்கள் ஒன்றில்லை. நானும் தமிழ்வழிதான். கேள்வி கேட்டதும் பதிலை மனசுக்குள் தமிழில் கட்டி, ஆங்கிலத்தில் மாற்றி, 'இஸ்'ஸா 'வாஸ்'ஸா என்று பார்ப்பதற்குள் கான்வென்ட் பையன் சொல்லி முடித்திருப்பான். தப்பாகச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். சரியாகச் சொன்னால் ஹாஸ்டலில் 'பீட்டர் விடுறான்டா' என்பார்கள். இரண்டு பக்கமும் அடி. வாயை மூடிக்கொள்வது சோம்பேறித்தனம் இல்லை சார், மானத்தைக் காத்துக்கொள்வது.

அல்லி:
இதைத்தான் நார்ட்டன் 'முதலீடு' என்கிறார். உழைப்பைப் போட்டால் மரியாதையோ உரிமையோ கைக்கு வரும் என்ற நம்பிக்கை வேண்டும். அதே ஆய்வில் வரும் மார்ட்டினா செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து போனவர், மூன்று பிள்ளைகளின் தாய். தொலைபேசி என்றாலே பயந்தவர். வீடு மாறும்போது ஆண்டு முழுவதற்கும் வாடகை தர வேண்டும் என்று வீட்டுக்காரர் சாதிக்க, ஒரு மணி நேரத்துக்கு மேல் போனில் வாதாடினார். இலக்கணம் நினைவிலேயே இல்லை. கேட்ட பிள்ளைகளே அசந்துபோனார்கள்.

சாக்பீஸ்:
பாருங்கள், அவருக்கு யாரும் வாய்ப்பைத் தட்டில் வைத்துத் தரவில்லை. துணிந்தார், பேசினார். நான் கேட்பதும் அந்தத் துணிவைத்தான்.

அல்லி:
துணிவு எங்கிருந்து வந்தது சார்? குடும்பத்தைக் காக்க வேண்டிய தாயாக நின்று பேசினார். உங்கள் வகுப்பில் அந்தப் பையனுக்குக் கிடைத்திருக்கும் ஒரே இடம் 'இங்கிலீஷ் வராதவன்' என்பதுதான். அப்பாவின் பட்டறையில் பைக் இன்ஜினைப் பிரித்துப் போடுகிறவனை, அதை மூன்று பேருக்கு ஆங்கிலத்தில் விளக்கச் சொல்லிப் பாருங்கள். அங்கே அவன்தான் விஷயம் தெரிந்தவன், மற்றவர்கள் கேட்பவர்கள்.

சாக்பீஸ்:
நல்ல யோசனைதான், மறுக்கவில்லை மேடம். ஆனால் அறுபது பேர் இருக்கும் வகுப்பு, செமஸ்டர் முடிவதற்குள் பாடத்தையும் முடிக்க வேண்டும். இன்டர்வியூவில் உட்காருகிறவர் பைக்கைப் பற்றிக் கேட்கமாட்டார். தப்பைத் திருத்தாமல் விட்டால் அங்கே போய்த்தான் அவமானப்படுவான்.

கம்மாக்கரை:
திருத்துங்கள் சார். அவன் சொல்லி முடித்த பிறகு, தனியாகக் கூப்பிட்டுத் திருத்துங்கள்.