அரபியும் பன்னாட்டு உறவுகளும் படிக்க எந்தக் கல்லூரி நல்லது?

வணக்கம். பள்ளி இறுதியாண்டில் இருக்கும் என் மகளுக்கு அரபி, பன்னாட்டு உறவுகள் இரண்டையும் சேர்த்துப் படிக்க ஆசை. அல் ஜசீரா தலைப்புச் செய்திகளை எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுக்குத் தானாகவே கற்றிருக்கிறாள்.

லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் (SOAS) கல்லூரி, அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் 1919இல் தொடங்கிய வெளியுறவுப் பள்ளி, அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கத்தாரில் இருக்கும் தோஹா வளாகம் மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறோம். தோஹாவில் பாடம் ஆங்கிலத்தில்தான். ஆனாலும் வெளியே வந்தால் அரபி காதில் விழும் இல்லையா, அதனால் எனக்கு அதன் மேல் ஒரு கண்.

இந்த மூன்றில் எதிலாவது படித்தவர்கள் சொல்லுங்களேன்: எழுத்து அரபியோடு எகிப்திய, லெவந்து (சிரியா, லெபனான் பக்கம்) பேச்சு வழக்குகளையும் ஒழுங்காகச் சொல்லித்தருகிறார்களா? அரபு நாட்டில் ஒரு பருவமாவது தங்கிப் படிக்க முடியுமா? அப்புறம், வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை எப்படி? வேறு நல்ல கல்லூரி தெரிந்தாலும் சொல்லுங்கள்.