மரீ அந்துவானெத் பிஸ்கட் சிலையில் நீல இரட்டை எல் முத்திரை: 18ஆம் நூற்றாண்டுதானா?

கேள்வி:
ஓர் ஏலப் பட்டியலில் ‘செவ்ர், 18ஆம் நூற்றாண்டு’ (பாரிஸ் அருகே செவ்ர் ஊரின் பீங்கான் பட்டறை) என்ற குறிப்போடு பிரெஞ்சு அரசி மரீ அந்துவானெத்தின் மார்பளவுச் சிலை வந்திருக்கிறது. கிளேஸ் (கண்ணாடி போன்ற மேற்பூச்சு) இல்லாத வெள்ளை பிஸ்கட் பீங்கான். தங்கக் கோடு போட்ட நீலப் பீடம் தனியாகத் திருகி மாட்டியது. பீடம் நீங்கலாக 24 செ.மீ. தோளுக்குப் பின்னால் நீல நிறத்தில் பின்னிய இரண்டு எல், நடுவில் ஏ. உட்புறம் வழவழப்பாக, எங்கும் ஒரே கனமாக இருக்கிறது. காலத்தை எப்படி உறுதி செய்வது?

பதில்:
முத்திரையே அந்தக் குறிப்பைப் பொய்யாக்குகிறது. எல்களுக்கு நடுவே வரும் எழுத்து ஆண்டைக் குறிக்கும்; ஏ என்றால் 1753-54. பட்டறை அப்போது செவ்ருக்கே வரவில்லை, வென்சேனில் இருந்தது. 1756இல்தான் இடம் மாறியது. மரீ அந்துவானெத் பிறந்தது 1755 நவம்பரில். அரசியானது 1774இல். அவர் முகத்தோடு அந்த எழுத்து வர வழியே இல்லை.

எழுத்தை விட்டாலும், நீல முத்திரை கிளேஸ் மேல் தீட்டிச் சுடுவது. பிஸ்கட்டில் கிளேஸ் கிடையாது. அக்கால செவ்ர் பிஸ்கட் உருவங்களில் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது, அல்லது ஈர மண்ணில் கீறிய ஓரிரு எழுத்துகள் இருக்கும். கீறலை லென்ஸில் பாருங்கள்: ஈரத்தில் கீறியதில் ஓரம் லேசாக மேலெழும்பி மழுங்கியிருக்கும்; சுட்டபின் வெட்டியதில் ஓரம் சில்லு சில்லாகப் பெயர்ந்திருக்கும். அதற்காகக் கீறல் இருந்தாலே பழையது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் பட்டறைகள் பின்னிய இரட்டை எல் முத்திரையைத் தாராளமாகப் போட்டன. செவ்ரும் பழைய மாதிரிகளைப் பிற்காலத்தில் திரும்ப வார்த்தது.

இன்னொரு பதில்:
உட்புறம்தான் எனக்கு முக்கியம். 18ஆம் நூற்றாண்டில் தட்டிய மண்ணைப் பல துண்டு பிளாஸ்டர் அச்சுக்குள் விரலால் அழுத்தி எடுத்தார்கள். அதனால் உள்ளே விரல் பள்ளம், கன வேறுபாடு, துண்டுகள் சேர்ந்த இடத்தில் மண் குழம்பு பூசிய தடம் எல்லாம் தெரியும். எங்கும் ஒரே கனம் என்றால் மண் கரைசலை ஊற்றி வார்த்தது. உருவச்சிலைகளுக்கு அந்த முறை பரவலானது 19ஆம் நூற்றாண்டில்.

அளவையும் விடாதீர்கள். வன்பீங்கான் (கயோலின் என்ற வெள்ளைக் களிமண் சேர்ந்தது) 1400 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சுடும்போது நீளத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு சுருங்கும் (கலவையைப் பொறுத்து மாறும்). சுட்ட சிலையிலிருந்தே அச்செடுத்து வார்த்தால், 28 செ.மீ. மூலம் 24 ஆகிவிடும். கூடவே மயிரிழை, கண்ணிமை, சரிகை மடிப்பு மழுங்கும். அசலில் அச்சிலிருந்து எடுத்தபின் கைவினைஞர் இவற்றை ஈரத்திலேயே கருவியால் கூர்மைப்படுத்தியிருப்பார். சிற்பி லூயி-சிமோன் புவாஸோ 1773இல் செவ்ர் சிற்பப் பிரிவின் பொறுப்புக்கு வந்தபின் செய்த அரச உருவங்களின் அழகே இந்தக் கூர்மையில்தான் இருக்கிறது. கிளேஸ் போட்டால் இமைக் குழியில் தேங்கி அதை மூடிவிடும். 1750களின் தொடக்கத்தில் வென்சேன் பிஸ்கட்டுக்கு மாறியதன் பயன் இதுதான்.

கழுத்தையும் பாருங்கள். உச்ச வெப்பத்தில் மண் இளகும்போது தலை கனத்தில் கழுத்து சாயும். அதைத் தடுக்க அதே மண்ணில் தாங்கல் கொடுப்பார்கள். வேறு மண் என்றால் சுருங்கும் அளவு ஒத்துவராமல் விரிசல் விழும். தாடைக்கடியிலோ கொண்டைக்குப் பின்னாலோ தாங்கலை எடுத்துவிட்டுத் தேய்த்த தடம் இருக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மென்பீங்கானா (கயோலின் இல்லாதது), வன்பீங்கானா என்று உடைக்காமல் தெரியுமா?

பதில்:
பழைய சில்லு இருந்தால் போதும். மென்பீங்கான் முறிவு உடைத்த சர்க்கரைக் கட்டி போலப் பொடிமணியாக இருக்கும். வன்பீங்கான் வழவழப்பாக முறியும். சில்லு இல்லையென்றால் நிறம்: மென்பீங்கான் பாலேட்டு வெள்ளை, மற்றது குளிர்ந்த வெள்ளை. லிமோழ் அருகே சேந்-தீரியேயில் கயோலின் கிடைத்தது 1768இல். அதற்குப் பின்தான் செவ்ரில் வன்பீங்கான். ஆனால் மென்பீங்கானும் கூடவே தொடர்ந்ததால் இதை மட்டும் வைத்துக் காலம் சொல்லாதீர்கள்.

அரம் போட்டுச் சோதிக்க வேண்டாம், தடம் போகாது. புற ஊதா விளக்கில் மூக்கு நுனி, காது, பின்னல் முனை மூன்றையும் பாருங்கள். ஒட்டிப் பூசிய இடம் வேறு நிறத்தில் ஒளிரும். பீடத்தைத் திருகிக் கழற்றி அடியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்; திருகாணி அதிகம் இறுகியிருந்தால் வற்புறுத்த வேண்டாம், அடித்துளை ஓரம் பிளந்துவிடும்.