மறு: பிளாக்ஜாக் சொற்கள் – ‘இன்ஷூரன்ஸ்’ காப்பீடு ஆகுமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சீட்டாட்ட நிரலின் பிளாக்ஜாக் உதவிப் பக்கங்களை நான் மொழிபெயர்க்கிறேன் என்று கை தூக்கியபோது, ஒரு சனி ஞாயிறில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். மூன்று வாரம் ஓடிவிட்டது. ஆட்டம் தெரியாமல் சொல் போடக்கூடாது என்று முதலில் ஆடக் கற்றுக்கொண்டேன். கற்றபிறகு பார்த்தால், பழைய கோப்பில் இருக்கும் சொற்களில் பாதி அகராதியைப் பார்த்து எழுதியவை. பொத்தான்களை வரிசையாகப் படியுங்கள்: அடி, நில், பிரி, சரணடை. சீட்டு மேசையா, கலவரத் தடுப்புப் பயிற்சியா?

ஆட்டம் இவ்வளவுதான். ஆட்டக்காரருக்கு இரண்டு சீட்டு, கேசினோ சார்பில் சீட்டுப் போடும் டீலருக்கு இரண்டு சீட்டு. டீலருடையதில் ஒன்று திறந்திருக்கும், ஒன்று மூடியிருக்கும். 2 முதல் 10 வரை எண்தான் மதிப்பு. ராஜா, ராணி, ஜாக் மூன்றும் 10. ஏஸ் 1 அல்லது 11. 21-ஐத் தாண்டாமல் டீலரைவிட அதிகம் வைத்திருந்தால் வெற்றி. பக்கத்தில் உட்கார்ந்து ஆடுபவரோடு போட்டி கிடையாது. டீலருக்கும் சொந்த விருப்பம் என்று எதுவும் இல்லை: 16 வரை எடுத்தே ஆகவேண்டும், 17 வந்தால் நிறுத்தவேண்டும். அப்படியென்றால் கேசினோவுக்கு லாபம் எங்கிருந்து வருகிறது? நாம்தான் முதலில் ஆடுகிறோம். நாம் 21-ஐத் தாண்டிய உடனே பணம் போய்விடும். அப்புறம் டீலரும் தாண்டினால் நமக்கென்ன, போனது போனதுதான்.

‘அடி’யை ‘போடு’ என்றும் ‘நில்’லை ‘போதும்’ என்றும் மாற்றியிருக்கிறேன். கேசினோவில் வாயால் சொன்னால் மட்டும் ஆகாது. மேலே இருக்கும் கேமராவில் பதியும்படி சைகையும் காட்டவேண்டும். சீட்டு வேண்டுமென்றால் விரலால் மேசையைத் தட்டவேண்டும். வேண்டாமென்றால் உள்ளங்கையைக் கவிழ்த்துச் சீட்டுக்கு மேலே பக்கவாட்டில் அசைக்கவேண்டும். அந்த இரண்டாவது சைகையைப் பார்த்து யாராவது ‘நில்’ என்பார்களா? ‘போதும்’தான்.

‘இரட்டிப்பு’ இருக்கட்டும். பந்தயம் இரட்டிப்பானதும் ஒரே ஒரு சீட்டுத்தான் வரும், அதற்குமேல் கேட்க முடியாது என்பதை மட்டும் விளக்கத்தில் சேர்க்கவேண்டும். ஒரே மதிப்புள்ள இரண்டு சீட்டு வந்தால் அவற்றை இரண்டு கையாக்கி ஆடும் ‘பிரி’ நல்ல சொல், தொடவில்லை. இருவருக்கும் ஒரே தொகை வந்தால் ‘தள்ளு’ என்று இருந்ததை ‘சமன்’ ஆக்கினேன். ‘துளைச்சீட்டு’ என்று ஒன்று இருந்தது. எந்தத் துளை என்று நான் இரண்டு நாள் தேடினேன்! டீலரின் மூடியிருக்கும் சீட்டுக்குத்தான் அந்தப் பெயர். ‘மூடுசீட்டு’ என்று வைத்துவிட்டேன். ‘உள்சீட்டு, வெளிச்சீட்டு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். உள்ளே வெளியே ஆடிப் பழகியவர்கள் குழம்பிப்போவார்கள், வேண்டாம். பந்தயம் கட்டும் சிப்புக்கு ‘சில்லு’ என்றால் கணினிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அதனால் ‘வில்லை’.

> மென்கை, வன்கை என்று வைத்தால் ஓசை நன்றாக இருக்கிறதே?

ஏஸை 11 ஆக எண்ண முடிகிற கையை ஆங்கிலத்தில் ‘சாஃப்ட்’ என்கிறார்கள், முடியாததை ‘ஹார்ட்’; அவற்றுக்குக் குழுவில் ஒருவர் சொன்ன சொற்கள் இவை. ஓசை நன்றாகத்தான் இருக்கிறது, பொருள் வரவில்லையே. என் கையில் ஏஸும் 6-ம் இருக்கின்றன, 17. போடு என்கிறேன், 9 வருகிறது. 26 ஆகியிருக்கவேண்டும், ஆனால் ஏஸ் 11-லிருந்து 1-க்கு இறங்கிக்கொள்ள, என் கை 16. தப்பித்தேன். கையில் 10-ம் 7-ம் இருந்து அதே 9 வந்திருந்தால் கதை முடிந்தது. இதில் மென்மை எங்கே? வளைந்துகொடுப்பதுதான் நடக்கிறது. அதுவும் ஒருமுறைதான்: வளைந்து 16 ஆனபிறகு அந்தக் கை இன்னொருமுறை வளையாது. ஆகவே ‘வளையும் கை’, ‘வளையாக் கை’. இந்தச் சொல் வந்தால்தான் மேசை விதியையே எழுத முடியும். சில மேசைகளில் டீலர் வளையும் 17-க்கு மட்டும் நிறுத்தாமல் இன்னொன்று எடுக்கவேண்டும் என்று இருக்கும். ஆட்டக்காரருக்கு அதனால் சுமார் 0.2 விழுக்காடு பாதகம்.

முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்து மதிப்புள்ள ஒரு சீட்டும் வந்தால் அதுதான் பிளாக்ஜாக். மூன்று நான்கு சீட்டு சேர்த்து 21 ஆக்கினாலும் இதற்கு ஈடாகாது. ஆட்டத்தின் பெயரும் அதுவே என்பதால் உதவிப் பக்கத்தில் எது எதைக் குறிக்கிறது என்று தெரியாமல் போகிறது. இதற்கு ‘பிறவி 21’ என்று வைத்தேன். மற்றவை நாம் சேர்த்த 21. சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

சிரிக்க முடியாத பிழை ஒன்று உண்டு. பிறவிக்குக் கேசினோ கொடுக்கும் தொகையைப் பழைய கோப்பு ‘மூன்றுக்கு இரண்டு’ என்கிறது. ஆங்கிலத்தில் வரும் தொகை முன்னால், போட்ட தொகை பின்னால். அந்த வரிசையை அப்படியே தமிழில் எழுதினால் மூன்று போட்டவருக்கு இரண்டு கிடைக்கும் என்றல்லவா ஆகிறது? நாம் ‘இரண்டுக்கு மூன்று’ என்று எழுதவேண்டும். இப்போது பல மேசைகளில் இதைக் குறைத்து ‘ஐந்துக்கு ஆறு’ ஆக்கிவிட்டார்கள். 10 வில்லை போட்டவருக்கு 15 வரவேண்டிய இடத்தில் 12. பிறவி ஏறத்தாழ 21 கைக்கு ஒருமுறை வரும், ஆகவே இந்த ஒரு மாற்றத்திலேயே போடும் ஒவ்வொரு 100-க்கும் சுமார் 1.4 போகிறது. 3-ஐயும் 2-ஐயும்விட 6-ம் 5-ம் பெரிய எண்களாக இருப்பதைப் பார்த்து ‘ஐந்துக்கு ஆறு’ மேசையில் போய் உட்காருபவர்களும் உண்டாம். நம் மொழிபெயர்ப்பும் அவர்களோடு சேர்ந்து குழப்பக்கூடாது. இன்னொன்று: ‘ஒன்றுக்கு இரண்டு’ என்று எழுதும்போது, போட்ட ஒன்றும் அந்த இரண்டில் அடக்கமா, தனியா? தனி. ‘போட்டது போக’ என்று சேர்த்தே எழுதவேண்டும்.

இனி தலைப்பில் உள்ள பிரச்சினை.

டீலரின் திறந்த சீட்டு ஏஸ் என்றால், ‘இன்ஷூரன்ஸ் வேண்டுமா?’ என்று கேட்பார்கள். போட்ட பந்தயத்தில் பாதிவரை தனியாக வைக்கலாம். மூடுசீட்டு பத்தாக இருந்தால், அதாவது டீலருக்குப் பிறவி வந்திருந்தால், போட்டது போக ஒன்றுக்கு இரண்டு. இல்லையென்றால் வைத்தது போச்சு. கோப்பில் இது ‘காப்பீடு’. இலங்கை நண்பர் ‘காப்புறுதி’ என்று திருத்தச் சொன்னார். இரண்டுமே வேண்டாம் என்கிறேன்.

காப்பீடு என்றால் நம்மிடம் இருக்கும் ஒன்றைக் காக்கவேண்டும். இது எதைக் காக்கிறது? நம் கையில் 20 இருந்தாலும் 12 இருந்தாலும் இந்தப் பந்தயம் அதைக் கண்டுகொள்வதே இல்லை, மூடுசீட்டு பத்தா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி. ஆறு கட்டு சேர்த்து ஆடும் மேசையில் 312 சீட்டு. டீலரின் ஏஸைக் கழித்தால் 311. அதில் பத்து மதிப்புள்ளவை 96, மற்றவை 215. 311 முறை ஒவ்வொரு வில்லை வைத்தால் 192 வரும், 215 போகும். நூற்றுக்கு 7.4 நட்டம். ‘நல்ல கைக்கு எடுத்துக்கொள், காப்பாற்றும்’ என்று அறிவுரை வேறு சொல்வார்கள். நல்ல கை என்றால் என்ன, இரண்டு பத்து. அந்த இரண்டும் நம்மிடம் வந்துவிட்டதால் மீதி 309-ல் பத்துகள் 94 தான். நட்டம் 8.7 ஆகிறது. கை எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு மோசம், இதற்குப் பெயர் காப்பீடா?

ஆங்கிலத்தில் அந்தப் பெயரை வைத்தது விற்கிறவர். நாம் ஏன் அவருக்காகத் தமிழில் விளம்பரப் பலகை எழுதவேண்டும்? என் சொல்: ‘மூடுசீட்டுப் பந்தயம்’. 21-ஐத் தாண்டுவதற்கு ‘மிஞ்சல்’. கருத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்

———

தம்பிக்கு,

நீண்ட மடல், நல்ல மடல். கணக்கைப் போட்டுப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம், பார்க்காமல் விடமுடியாது.

‘மிஞ்சல்’ சரிவராது. ‘ஆட்டம் முடிந்தபோது 40 வில்லை மிஞ்சியது’ என்றால் கையில் இருக்கிறது என்று பொருள். ‘சீட்டு மிஞ்சியது’ என்றால் போய்விட்டது என்று பொருள். ஒரே பக்கத்தில் இரண்டும் வரும். உங்கள் மடலிலேயே நீங்கள் ‘மிஞ்சல்’ என்று ஒரே ஒரு இடத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள், மற்ற எல்லா இடத்திலும் ‘தாண்டியது’. கை தானாக எழுதிய சொல்லையே வைத்துக்கொள்ளுங்கள்.

கேசினோவுக்குத் தமிழ் தேடுபவர்களுக்கு ஒரு செய்தி. குறளில் சூது அதிகாரத்தில் ‘கழகம்’ என்றாலே சூதாடும் இடம். இலக்கிய ஆதாரம் இவ்வளவு உறுதியாக வேறு சொல்லுக்குக் கிடைக்காது. ஆனாலும் ‘கேசினோ’ என்றே இருக்கட்டும், நமக்கு எதற்கு வம்பு.

‘அடிப்படைத் தந்திரம்’ என்று கோப்பில் இருப்பதையும் மாற்றுங்கள். தந்திரம் என்றால் ஏதோ ஏமாற்று போல இருக்கிறது. டீலருக்கு விருப்பமே இல்லை என்பதால்தான், எந்தக் கைக்கு எது சரி என்பதை முழுக்கக் கணக்காகப் போட முடிந்தது. பால்ட்வின், கான்ட்டி, மைசல், மெக்டெர்மட் என்று அமெரிக்க ராணுவத்தில் இருந்த நால்வர் மேசைக் கணக்குப்பொறியைத் தட்டித் தட்டியே போட்டு 1956-ல் ஒரு புள்ளியியல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். ‘அடிப்படை உத்தி’ என்பது அவர்கள் உழைப்புக்கு மரியாதையாக இருக்கும்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் மட்டும் உங்களோடு முரண்படுகிறேன். பெயர் பொய் என்பது உண்மை. ஆனால் அந்தப் பொய் மேசைத் துணியிலேயே அச்சடித்திருக்கிறது. டீலர் வாயிலும் அதுவே வருகிறது. நம் உதவிப் பக்கத்தைப் படித்துக் கற்றவர் மேசையில் அந்தச் சொல்லைக் கேட்டதும், ‘மூடுசீட்டுப் பந்தயம்’ என்று படித்தது இதைத்தான் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? புதிதாக ஏதோ பாதுகாப்பு என்று நினைத்துப் பணத்தை வைப்பார். நீங்கள் காப்பாற்ற நினைத்தவரே மாட்டிக்கொள்கிறார்.

இன்னொன்று. நமக்குப் பிறவி வந்து டீலரிடமும் ஏஸ் தெரிந்தால், ‘ஈவன் மணி’ என்று கேட்கிறார்களே, அதற்கு என்ன சொல்?

———

ஐயா,

‘தாண்டல்’ ஏற்றுக்கொண்டேன். ‘அடிப்படை உத்தி’யும். கழகத்தை நான் தொடமாட்டேன்.

இன்ஷூரன்ஸ் பற்றி இரண்டு நாள் யோசித்தேன். நான் கேட்டதும் நீங்கள் கேட்டதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள் என்று படுகிறது. மேசையில் ஒலிக்கும் சொல்லை அடையாளம் காண ஒரு பெயர் வேண்டும். அது என்ன பந்தயம் என்று புரிய ஒரு பெயர் வேண்டும். ஆகவே பொத்தானில் ‘இன்ஷூரன்ஸ்’ என்று ஒலிபெயர்த்தே விடலாம். காதில் விழுவதும் அதுதான். விளக்கத்தின் முதல் வரி ‘இது மூடுசீட்டுப் பந்தயம்’ என்று தொடங்கட்டும். காப்பீடு, காப்புறுதி இரண்டும் கோப்பில் எங்கும் வராது. ஒலிபெயர்ப்பைக் கண்டால் கோபப்படும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: கடன் வாங்கிய சொல் பொருள் தெரியாமல் நிற்கும், அவ்வளவுதான். ‘காப்பீடு’ என்ற நல்ல தமிழ்ச் சொல் இங்கே தவறான பொருளைச் சொல்லிவிட்டு நிற்கும்.

சீட்டெண்ணுபவர்களையும், அதாவது வந்துபோன சீட்டுகளை நினைவில் வைத்து மீதியைக் கணிப்பவர்களையும், பாருங்கள். எட்வர்டு தோர்ப் 1962-ல் அந்த முறையை ஊரறியச் செய்தபிறகு, எண்ணத் தெரிந்தவர்கள் இந்தப் பந்தயத்தை எப்போது வைக்கிறார்கள்? மீதிச் சீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பத்துகள் இருக்கும்போது. தங்கள் கையில் என்ன இருக்கிறது என்பதற்காக அல்ல.

‘ஈவன் மணி’க்குத் தனிச் சொல்லே வேண்டாம் என்று நினைக்கிறேன். 10 வில்லை போட்டு எனக்குப் பிறவி. இன்ஷூரன்ஸ் என்று 5 வைக்கிறேன். டீலருக்கும் பிறவி என்றால் முதல் பந்தயம் சமன், இதில் 10 வரும். டீலருக்கு இல்லையென்றால் இந்த 5 போகும், பிறவிக்கு 15 வரும், நிகரம் 10. எப்படிப் புரட்டினாலும் 10. அதையே டீலர், ‘10 இப்போதே வாங்கிக்கொள்கிறீர்களா?’ என்று வேறு வாயால் கேட்கிறார். பழைய சரக்கு, புது உறை. இரண்டுக்கு மூன்று மேசையில்தான் இந்தக் கணக்குச் சரியாக வரும், அதையும் ஒரு வரி எழுதிவிடுகிறேன். மூடுசீட்டுப் பந்தயத்தின் பதிவிலேயே துணைக்குறிப்பாக வைத்தால் போதும்.

பாக்கி இருப்பது ‘சரணடை’. முதல் இரண்டு சீட்டைப் பார்த்ததுமே, பாதிப் பந்தயத்தை விட்டுக்கொடுத்து வெளியேறுவது. நமக்கு 16, டீலருக்கு 10 என்று இருக்கும்போது அதுதான் சரியான ஆட்டம், அதில் தோல்வி மனப்பான்மை எதுவும் இல்லை. ரம்மியில் ‘ஸ்கூட்’ என்போமே, ஏறத்தாழ அதே. ‘பாதியில் விலகு’ என்று எழுதினேன். ஆட்டத்தின் பாதியில் என்று படிப்பார்கள் என்று அழித்துவிட்டேன். ‘பாதி கொடுத்து விலகு’ பொத்தானுக்குள் அடங்கவில்லை. வெறும் ‘விலகு’ என்று தற்காலிகமாகப் போட்டு, மற்றதை எல்லாம் நாளை இரவு பதிவேற்றுகிறேன். பொத்தானுக்குள் அடங்கும்படி யாருக்காவது தோன்றினால் அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்