வெயிலைப் பார்த்து ஏமாறாதே தம்பி

ஆரணித் தம்பி கேட்டிருந்தது இது: "அக்கா, கனடாவுல சஸ்காச்சுவான்ல ஒரு சின்ன ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. ஜனவரி கடைசியில வர்றேன். ஸ்வெட்டர் எத்தினி எடுத்துனு வரட்டும்?"

ரெண்டு போதும்பா. ஸ்வெட்டரை விடு. வடாற்காட்டுக்காரங்க நம்ம மண்டையில ஊறிப்போன ஒரு கணக்கு இருக்கு பாரு, வெயில்னா சூடுன்னு, அதை மீனம்பாக்கத்துலயே இறக்கி வெச்சுட்டு வா.

நான் குடியாத்தம் பக்கம். கத்திரியில 42 டிகிரி பார்த்து வளர்ந்த உடம்பு. இங்க முதியோர் இல்லத்துல நர்ஸ், இது ஆறாவது குளிர்காலம். இந்த ஊர்ல ஐந்நூறு பேரு இருப்பாங்க. ஒரு பெட்ரோல் பங்க், ஒரு மளிகைக் கடை, ரயில் தண்டவாளத்தை ஒட்டி உசரமா ஒரு தானியக் கிடங்கு, அவ்ளோதான். போன பொங்கல் வாரம் எப்படிப் போச்சுன்னு சொல்றேன், உனக்கே புரியும்.

ஞாயித்துக்கிழமை நாள் பூரா பனி கொட்டிச்சு. மைனஸ் 9. சிரிக்காதே, இங்க அதான் இதமான நாள். மேகம் கம்பளி மாதிரி தரையோட சூட்டைப் பொத்தி வெச்சிருக்கும். ஊரே வெளிய வந்து பனி வாரிச்சு. நீயும் அன்னிக்கே வாரிடு. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விட்டா, மிதிபட்டு ஐஸா இறுகிடும், அப்புறம் கடப்பாரைதான்.

திங்கள், போகி. வடமேற்குக் காத்து கிளம்பிச்சு. கீழ கிடந்த பனியையே வாரி அடிச்சதுல எதிர் வீடு தெரியல. நெடுஞ்சாலையை மூடிட்டாங்க. பக்கத்து ஊர்லருந்து வர வேண்டிய நர்ஸ் வர முடியல, நானே பதினாறு மணி நேரம் பார்த்தேன். அந்த மாதிரி நாள்ல காரை எடுக்காதே. நடுவழியில மாட்டிக்கிட்டா காரை விட்டு இறங்கி நடக்கவே நடக்காதே. சைலன்சர் வாயில அடைச்ச பனியைத் தள்ளிட்டு, மணிக்கு ஒரு பத்து நிமிஷம் எஞ்சினை ஓட விட்டு உள்ளயே உக்காரு. வண்டியில எப்பவும் ஒரு போர்வை, மண்வாரி, மெழுகுவத்தி இருக்கட்டும்.

வீட்டுல இன்னொரு விஷயம். ஃபர்னஸ்னு வீட்டைச் சூடாக்குற மெஷின் இருக்கும், அதோட புகைக்குழாய் செவுத்துக்கு வெளிய முழங்கால் உசரத்துல நீட்டிக்கிட்டு இருக்கும். காத்துல பனி குவிஞ்சு அதை மூடிடும். ஃபர்னஸ் தானா நின்னுபோனா புண்ணியம். நிக்காட்டி கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ளயே திரும்பும். ஊட்டி, கொடைக்கானல்ல அறைக்குள்ள கரியடுப்பு வெச்சுட்டுத் தூங்கினவங்க எழுந்திரிக்கலைன்னு பேப்பர்ல படிக்கிறோமே, அதே வாயு. வாசனை கிடையாது. அதுக்கான அலாரம் வீட்டுல இருக்கான்னு குடி போற அன்னிக்கே பாரு.

செவ்வாய், பொங்கல். காத்து அடங்கிச்சு, வானம் நீலமா கழுவி விட்டாப்ல இருந்துச்சு. சூரியனே காலையில ஒன்பது மணிக்குத்தான் வந்தாரு, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பொய்ச் சூரியனோட. காத்துல மிதக்கிற ஐஸ் துகள் பண்ற வேலை அது. அப்போ நம்ம ஊர்ல ராத்திரி எட்டரை (நமக்கும் இங்கயும் பதினொன்றரை மணி நேரம் வித்தியாசம், வருஷம் பூரா மாறாது). அம்மா வீடியோவுல ஜன்னலைப் பார்த்துட்டு, "இன்னாடி, வெயிலு பளபளன்னு அடிக்குது, குளிருன்றே?" ன்னுச்சு.

மைனஸ் 36 அம்மா, அப்போ.

மேகம் இல்லாததாலதான் அந்தக் குளிரே. முதல் வருஷம் இதே மாதிரி வெயிலைப் பார்த்துட்டு, ஆம்பூர்ல ஆசையா வாங்கின தோல் பூட்ஸும் பருத்தி சாக்ஸுமா போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் நடந்தேன். தபாலை நாமதான் போய் எடுத்துக்கணும், வீட்டுக்கு வராது. தொப்பி போட்டா முடி கலையுமேன்னு போடல. கடைசித் திருப்பத்துல எதிர்ல வந்த பெரியவர் ஒருத்தர் என் காதைப் பார்த்துட்டு, கையைப் புடிச்சு உள்ள இழுத்துட்டுப் போனாரு. கண்ணாடியில பார்த்தா காது நுனி மெழுகு மாதிரி வெளுத்துக் கிடக்கு. வலி துளியும் இல்ல. குளிர்ல வலிக்கிற வரைக்கும் பரவாயில்ல, வலி நின்னுபோச்சுன்னா பயப்படு. தேய்க்காதே. வெதுவெதுன்னு இருக்கிற தண்ணியில நனைச்ச துணியை வெச்சா போதும். சூடு திரும்பும்போது உசுரு போற மாதிரி வலிக்கும் பாரு, அதான் நல்ல சேதி.

போன்ல வெறும் டிகிரியைப் பார்க்காதே, விண்ட் சில்லைப் பாரு, காத்தோட சேர்த்து உடம்புக்குத் தெரியிற குளிர் அது. மைனஸ் 28 தாண்டினா, மூடாத தோல் பத்துலருந்து முப்பது நிமிஷத்துல உறைய ஆரம்பிக்கும். மைனஸ் 40 தாண்டினா அஞ்சுலருந்து பத்து நிமிஷம்.

புதன், மாட்டுப் பொங்கல். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி இங்க ஒவ்வொரு காருக்கும் மூக்குல ஒரு ஒயர் தொங்கும். நானும் முதல்ல எலெக்ட்ரிக் கார் போலன்னு நினைச்சேன். இல்ல, அது பிளாக் ஹீட்டர், எஞ்சினைச் சூடா வைக்க. கிளம்பறதுக்கு மூணு நாலு மணி நேரம் முன்ன சொருகினாப் போதும், டைமர் வாங்கிக்கோ. சொருகாம விட்டா ஆயில் கூழ் மாதிரி கெட்டியாகி வண்டி முனகும், நகராது. ஓட ஆரம்பிச்சாலும் முதல் ரெண்டு நிமிஷம் டயர் சதுரமா இருக்கிற மாதிரி தடதடக்கும், ராத்திரி பூரா ஒரே பக்கம் அமுங்கி இறுகிப் போனதால. பயந்து இறங்கிப் பார்க்காதே.

அன்னிக்கு வேலைக்குப் போற வழியில ஒரு பண்ணையில மாடுங்க வெளியவே நின்னுச்சு. பொட்டு வைக்க ஆளில்ல, முதுகுல ரெண்டு விரல் கனத்துக்குப் பனி. பாவமேன்னு பண்ணைக்காரர்கிட்ட சொன்னேன். "பனி கரையாம நிக்குதுன்னா, உள்சூடு வெளிய போகலைன்னு அர்த்தம்மா, அது நல்லா இருக்கு" ன்னாரு. நமக்கும் அதே சூத்திரம்தான், வேர்வை மட்டும் உள்ள சேரக் கூடாது. அதனால உள்ள பருத்தி பனியன் போட்டுக்காதே. நனைஞ்சா காயாது.

வியாழன், வெள்ளி அதே கதை. குழாயில சன்னமா தண்ணி ஒழுக விட்டு, சிங்க் அடியில அலமாரிக் கதவைத் திறந்து வெச்சேன், பைப் உறையாம இருக்க. இட்லி மாவு ஓவன் விளக்குச் சூட்டுல பொங்கிச்சு.

சனிக்கிழமை மேகம் வந்து மைனஸ் 11. ஜாக்கெட் ஜிப்பைத் திறந்து விட்டுக்கிட்டு ஜனம் நடமாடுது. நானும்தான்.

ஜாக்கெட், பூட்ஸ் ரெண்டும் அங்க வாங்கிக் காசை விடாதே, இங்க வந்து வாங்கு. பிளைட் எந்தத் தேதின்னு மட்டும் சொல்லு, உன்னைக் கூட்டிக்க வர்றவங்ககிட்ட என் வீட்டுக்காரரோட பழைய பார்க்காவை, அதான் தொப்பி வெச்ச கனமான குளிர் ஜாக்கெட்டை, குடுத்தனுப்பறேன். அதோட வலது கையில மஞ்சள் கறை இருக்கும், கண்டுக்காதே.