காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பம் நிரப்ப ஆள் தேவை

வணக்கம். மதுரை செல்லூரில், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேராத குடும்பங்களுக்கு உதவி வருகிறோம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சைக்குக் காப்பீடு உண்டு. ஆனால் வருமானச் சான்றுக்கு அலைவதிலேயே ஒரு நாள் கூலி போய்விடுகிறது. கூலியை விட்டுவிட்டு வரிசையில் நில்லுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்களோடு வரும் கல்லூரி மாணவி ஒருவர் முதலில் அலுவலக வாசலைத் தாண்டவே தயங்கினார். இப்போது, "எந்த ஆவணம் குறைகிறது, எழுதிக் கொடுங்கள் ஐயா" என்று அவரே கேட்கிறார். நாங்கள் பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை; பக்கத்தில் ஒரு பாட்டி அவரை நம்பி நின்றார், அவ்வளவுதான்.

ஞாயிறு காலைகளில் நாலைந்து பேர் வர முடியுமா? இன்னொன்று: குடும்ப அட்டையில் பெயர் விடுபட்ட முதியவர்களைச் சேர்த்த அனுபவம் யாருக்காவது இருந்தால் வழி சொல்லுங்கள்.